கறிக்கு நாலு மீன்

மூன்றாம் அத்தியாயத்தை மாத முடிவுக்குள் தரும்படி மேற்பார்வையாளர் சொல்லியிருந்தார். எனக்கோ ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. பதிலுக்கு எதையும் எதிர்பாராமல் ஒரு மனிதரால் கொடுக்க முடியுமா என்பதுதான் என் ஆய்வு. நாற்பது வயதில், அறவியலில் கலாநிதிப் பட்டம் வாங்கவென்று இப்படியொரு கேள்வியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது வேறு யாருடைய குற்றமும் இல்லை. முடியும் என்று பாதிப் புத்தகங்கள், முடியாது என்று மீதி. எல்லாவற்றையும் மூடிவைத்துவிட்டு, வந்தாறுமூலையிலிருந்து ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வாவிக்கரைக்குப் போனேன்.

அங்கே காலையில் தோணி கரை தட்டியதும், வியாபாரி தராசை எடுக்கும் முன், கரையில் நிற்கிற எவருக்கும் கறிக்கென்று நாலு மீன் கொடுப்பார்கள். தெரிந்தவரா, தெரியாதவரா என்று பார்ப்பதில்லை. கேட்கவும் வேண்டாம், நின்றால் போதும். என் கேள்வியைக் கொண்டுபோக இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

என்னைவிடப் பத்து வயது இளைய மீனவர் ஒருவர் பேசச் சம்மதித்தார். ஆய்வுக்கான ஒப்புதல் படிவத்தை அவருக்கு வரிவரியாக வாசித்துக் காட்டினேன். எப்போது வேண்டுமானாலும் அவர் விலகலாம், காரணம் சொல்லத் தேவையில்லை, விலகினால் பதிவுகளை அழித்துவிடுவேன். அவரிடமிருந்து நான் எந்தப் பொருளும் வாங்கக் கூடாது. கல்யாண எழுத்துக்குக்கூட இத்தனை கையெழுத்து வைக்கவில்லை என்று சிரித்தபடியே வைத்தார்.

முதல் நாள் பேசி முடிந்ததும் ஒரு பையை நீட்டினார். உள்ளே நாலு மணலை மீன். படிவத்தை நினைவூட்டி மறுத்தேன். இரண்டாம் நாளும் நீட்டினார், மூன்றாம் நாளும். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் வாங்கிக்கொண்டு போக, நான் மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். நாலாம் நாள் பை வரவில்லை. அதுவரை அக்கா என்றவர் மிஸ் என்றார். மண்டையில் ஒன்றும் ஏறாத நான் அதையும் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன்.

ஐந்தாம் நாள், பதிவை நிறுத்தியபோது அவர் சொன்னார்:

"மிஸ், எப்ப வேணுமெண்டாலும் விலகலாம் எண்டு வாசிச்சீங்கதானே. நான் விலகுறன்."

ஏன் என்று கேட்க நாக்குத் துடித்தது. காரணம் சொல்லத் தேவையில்லை என்று வாசித்தவளே நான்தான். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஐந்து காலைகள், ஒரு முழு அத்தியாயம். அவர் பார்த்துக்கொண்டிருக்க, போனில் இருந்த ஐந்து பதிவுகளையும் ஒவ்வொன்றாக அழித்தேன். குறிப்புகளையும் கிழித்து அவர் கையிலேயே கொடுத்தேன்.

அவர் தோணிக்குப் போய்ப் பையோடு திரும்பி வந்தார்.

"இப்ப நீங்க ஒண்டும் எழுதல்லதானே அக்கா. கறிக்குக் கொண்டு போங்க."

வாங்கினேன். நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள், எனக்குப் பின்னால் நின்றவரின் பைக்குள் மீன் போடத் தொடங்கிவிட்டார். நான் தேடியது இதுதான், இதை ஆய்வில் எழுத முடியாது என்று நினைத்தபோது அழுகை வந்தது.

மூன்றாம் அத்தியாயத்தைப் புத்தகங்களை வைத்தே எழுதிக் கொடுத்தேன். மேற்பார்வையாளர் ஏற்றுக்கொண்டார். வாசித்தால் எனக்கே கொட்டாவி வருகிறது. மனம் ஓரிடத்தில் நில்லாத காலைகளில் இன்னமும் அந்தக் கரைக்குப் போகிறேன். போன கிழமை, நடந்ததை எழுதட்டுமா என்று அந்த மீனவரிடம் கேட்டேன்.

"படிப்புக்கா?"

"இல்ல, சும்மா."

"சும்மாவெண்டா எழுதுங்கக்கா."