எண்ணெய் போன வழி

அந்தக் குச்சியை முதலில் பார்த்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. முழ நீளத்துக்குத் தட்டையான ஓர் இரும்புப் பட்டை, நுனியில் இரண்டு கோடுகள், மேலே பிடித்து இழுக்க ஒரு வளையம். அதை எஞ்சினுக்குள்ளிருந்து உருவி, பழைய வேட்டிக் கிழிசலால் துடைத்து, மறுபடி உள்ளே விட்டு, மறுபடி உருவி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து டிரைவர் அண்ணாச்சி பார்ப்பார். கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் நடுவில் எண்ணெய் எங்கே நிற்கிறது, அவ்வளவுதான் விஷயம். இதற்குப் போய் கால் மணி நேரமா என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு காரில் உட்கார்ந்திருப்பேன். அண்ணாச்சி என்று இப்போது எழுதுகிறேன். தோட்டமே அவரை அப்படித்தான் கூப்பிட்டது. நான் மட்டும் 'டிரைவர்' என்பேன். அவருக்கு என் அப்பா வயது.

எழுபதுகளின் தொடக்கத்தில், மறையூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் நர்ஸாகச் சேர்ந்தேன். சொந்த ஊர் பெருமாட்டிப் பக்கம். வயலும் தென்னந்தோப்புமாகச் சமதரை. எங்கள் வாசலில் ஒரு கோலிக்குண்டை வைத்தால் வைத்த இடத்திலேயே கிடக்கும். தோட்டத்தில் அப்படி ஓர் இடம் கிடையாது. டிஸ்பென்சரி சரிவில், ஆபீஸ் சரிவில், தொழிலாளர்கள் குடியிருந்த லயங்கள் எல்லாம் சரிவில். ஒரு கார் சாயாமல் நிற்கிற அளவுக்குச் சமமாக இருந்தது மாதா கோவில் முற்றம் ஒன்றுதான். பயிற்சி முடித்து வந்த புதிது வேறு, எனக்கு மூக்குக்கு மேல் கோபம். ஏழு மணி என்றால் ஏழு மணிக்கு முதல் லயத்தில் நிற்க வேண்டும் என்று ஒரு வைராக்கியம்.

மேனேஜர் துரை புதுக் கார் வாங்கியதும் தன் பழைய காரை டிஸ்பென்சரிக்குத் தள்ளிவிட்டிருந்தார். அதன் மைல் மீட்டர் ஒரு முறை முழுதாகச் சுற்றி, பூஜ்யத்திலிருந்து மறுபடி தொடங்கி, பிறகு அலுத்துப்போய் நின்றுவிட்டிருந்தது. அந்த வண்டி பெட்ரோலில் ஓடியதா, எஞ்சின் எண்ணெயில் ஓடியதா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. நீளமான இறக்கத்தில் கியரிலேயே உருண்டு வந்து, கீழே ஆக்சிலேட்டரை மிதித்ததும் பின்னால் நீலப் புகை குபுகுபுவென்று கிளம்பும். லயத்துப் பிள்ளைகள் 'கொசு மருந்து வண்டி' என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடிவருவார்கள். சாயங்காலம் என் வெள்ளைச் சேலையை அவிழ்த்தால் எரிந்த எண்ணெய் வாடை. சோப்புப் போட்டு அடித்துத் துவைத்தாலும் போகாது.

"ரிங்கு தேஞ்சு போச்சு, வால்வு கைடும் போச்சு நர்ஸம்மா. எஞ்சின எறக்கி வேல பாக்கணும். தொரகிட்ட ரெண்டு தடவ சொல்லியாச்சு. கெழட்டு வண்டிக்கு என்னத்துக்குச் செலவுங்காரு. நம்மதான் பாத்துக்கிடணும்" என்பார் அண்ணாச்சி. அவர் பார்த்துக்கொண்டது இப்படித்தான்: தினமும் காலையில் வண்டியை மாதா கோவில் முற்றத்துக்குக் கொண்டுபோய் நிறுத்துவார். எஞ்சினை அணைத்துவிட்டு, மேலே ஒட்டியிருக்கிற எண்ணெய் அடியில் வந்து சேரும்வரை காத்திருப்பார். அளப்பார். டின்னிலிருந்து கொஞ்சம் ஊற்றுவார், மறுபடி அளப்பார். ஒரேயடியாக ஊற்ற மாட்டார். மேல்கோட்டைத் தாண்டினால் அதிகப்படி எண்ணெயும் புகையாகத்தான் போகும், குறைந்தாலோ எஞ்சின் சூடேறி இறுகிப் பிடித்துக்கொள்ளும் என்பார். சனிக்கிழமைகளில் பிளக்குகளைக் கழற்றிக் கரி சுரண்டுவார். நாலு மைல் போனால் இருமுகிற அந்த வண்டி அவர் கையில் ஒரு நாளும் வழியில் நின்றதில்லை.

இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாமல் இல்லை. கேட்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். "இங்கயே, டிஸ்பென்சரி முன்னாலயே பாக்கக் கூடாதுங்களா? அதுக்குக் கோயில் வரைக்கும் போகோணுமா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"மேட்டுல நிறுத்திப் பாத்தா எண்ணெ ஒரு பக்கமா ஒதுங்கிக்கிடும். குச்சி பொய் சொல்லும்மா."

சமதரையில் பிறந்தவளுக்கு அது வாய்க்கு வந்த சாக்கு என்றுதான் பட்டது. கோவிலில் மணியடித்து விளக்கேற்றுகிற குட்டியாருடன் முற்றத்தில் கதையளக்கவும், இரண்டு ஜெபம் சொல்லவும் போகிறார் என்று முடிவு கட்டிக்கொண்டேன். "உங்க ஜெபத்தையெல்லாம் ஞாயித்துக்கெழமைக்கு வெச்சுக்கோங்க" என்று சொல்லியும் பார்த்தேன். அவர் சிரித்தார். "இது எஞ்சினுக்குள்ள ஜெபம் நர்ஸம்மா" என்றார்.

ஒரு நாள் கீழ் லயத்தில் ஒரு குழந்தைக்கு விடாமல் வாந்தி என்று ஆள் வந்தது. நான் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தால் அண்ணாச்சி கோவில் பக்கம் வண்டியைத் திருப்புகிறார். டிஸ்பென்சரி வாசலில் மருந்துக்கு வரிசையாக ஆட்கள். அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன்: "அளவெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல வண்டிய எடுங்க!" அவர் குரலை உயர்த்தவே இல்லை. "நர்ஸம்மா, அவசரம்னு ஊசியக் கொதிக்க வைக்காமப் போடுவியளா?" என்றார். வரிசையில் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். சொன்னபடி அளந்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தார். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தச் சிரிப்பு எனக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது. நான் செய்ததற்கெல்லாம் வேறு எந்தப் பெரிய காரணமும் இல்லை. அந்தச் சிரிப்புதான்.

இரண்டு வாரம் கழித்து மேனேஜர் துரை என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டனுப்பினார். ஸ்டோர்கீப்பர் பக்கத்தில் நின்றிருந்தார். டிஸ்பென்சரி வண்டிக்கு வாராவாரம் எண்ணெய் டின் கேட்கிறான், இவ்வளவு எண்ணெய் எந்த வண்டியும் குடிக்காது, மறையூர் ரோட்டில் லாரிக்காரனுக்கு விற்கிறான் என்பது அவர் புகார். துரை அந்தக் காரில் ஏறி வருஷமாகியிருந்தது; எஞ்சின் தேய்ந்துவிட்டது என்று அண்ணாச்சி முன்பு சொன்னதும் சாக்குதானோ என்று அவருக்கு இப்போது சந்தேகம். தினமும் அதில் போகிறவள் நான் என்பதால் என்னைக் கேட்டார். காலையில் வண்டி கோவிலுக்குப் போகிறதா? "போகுதுங்க." எதற்கு? "சரியாத் தெரியலீங்க." அப்புறம் அந்தக் கேள்வி வந்தது: எண்ணெய் எங்கே போகிறது, சிஸ்டர்?

அந்த நேரத்திலும் என் சேலையில் அந்த வாடை இருந்தது. எண்ணெய் எங்கே போகிறது என்று அந்த மலையில் என்னைவிட நன்றாக அறிந்தவர் ஒருவரே, அவரும் நானும் ஒரே வண்டியில்தான் போய்க்கொண்டிருந்தோம். 'புகையாகப் போகிறது, எஞ்சின் தேய்ந்துவிட்டது' என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? நான் சொன்னது இதுதான்: "எனக்குத் தெரியாதுங்க." சொல்லிவிட்டுப் புறக்கதவு வழியாக இறங்கி வந்துவிட்டேன். எனக்குப் பிறகு அவரைக் கூப்பிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன்.

வேலையை விட்டு அனுப்பவில்லை. வண்டியை மட்டும் பிடுங்கிக்கொண்டு, தேயிலைக்கு மருந்தடிக்கிற கூட்டத்தில் போட்டார்கள். டிரைவருக்கென்று இருந்த இரண்டு அறை வீட்டைக் காலி செய்து, அவரும் மதினியும் லயத்தில் ஓர் அறைக்குப் போனார்கள். அவர் மனைவியை எல்லோரும் மதினி என்பார்கள். வாரம் தவறாமல் முட்டுவலிக்குத் தைலம் வாங்க என்னிடம் வருகிறவர், அதன்பிறகு டிஸ்பென்சரிப் படி ஏறவே இல்லை. ஞாயிறு பூசையில் காணிக்கைப் பை ஏந்துவது அண்ணாச்சிதான். அந்த மாதமே அதை வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டார்கள். யாரும் அவரைத் திருடன் என்று சொல்லவில்லை. பையை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். இதை எனக்குச் சொன்ன டிஸ்பென்சரி ஆயாம்மா என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

புது டிரைவர் கீழே லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். ஏழு மணி என்றால் ஏழு மணி! டிஸ்பென்சரி வாசலில், மூக்கு கீழ்நோக்கி நிற்கிற வண்டியிலேயே குச்சியை உருவிப் பார்த்து, "ஓயில் ஃபுல்லு சிஸ்டர்" என்பார். ஒரு நாள் அல்ல, இரண்டு நாள் அல்ல, பத்து நாளாக எண்ணெயே ஊற்றவில்லை. பார்த்தாயா, இப்போது மட்டும் வண்டி குடிக்கவில்லையே, அப்படியானால் அந்த ஆள் விற்றிருக்கத்தான் வேண்டும் என்று என் மனசு குதித்தது. சீ, எத்தனை சந்தோஷப்பட்டேன் தெரியுமா! செய்த அநியாயம் நியாயமாகிவிட்டால் யாருக்குத்தான் கசக்கும்?

பதினோராம் நாள் நடுப்பகல், தலைப்பிரசவக்காரி ஒருத்தியை மூணாறு ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். பிள்ளை குறுக்கே கிடந்தது. என் கையில் ஆகிற காரியம் அல்ல. ஏற்றத்தில் மூன்றாவது வளைவில் எஞ்சினுக்குள் யாரோ சுத்தியலால் அடிக்கிற மாதிரிச் சத்தம் கேட்டது. மேல் சரிவிலிருந்து ஒருவர், "நிறுத்து! அணைச்சிரு! அணைச்சிரு!" என்று கத்திக்கொண்டே தேயிலைச் செடிகளுக்கு நடுவே விழுந்தடித்து இறங்கி வந்தார். முதுகில் மருந்தடிக்கிற பம்பு, கையெல்லாம் மருந்தின் பச்சை நீலம். அண்ணாச்சி. அவர் ரோட்டுக்கு வருவதற்குள் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. மூடியைத் திறந்து குச்சியை உருவினார். நுனி காய்ந்து கிடந்தது. சரிவில் அளந்ததில் எண்ணெய் முன்பக்கம் சேர்ந்து பத்து நாளும் எங்களை ஏமாற்றியிருக்கிறது. அவர் என்னைப் பார்க்கவில்லை. குச்சியைத் திரும்ப வைத்துவிட்டு, "கம்பிளி இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

அவரும் இன்னும் மூன்று பேருமாகக் கம்பிளியில் அந்தப் பெண்ணை ஏந்திக்கொண்டு குறுக்குப் பாதையில் ஏறினார்கள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில் ஓடினேன். மெயின் ரோட்டில் ஒரு தேயிலை லாரி கிடைத்தது. ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து தாயையும் பிள்ளையையும் பிழைக்க வைத்துவிட்டார்கள். ஞானஸ்நான விருந்தில் பிள்ளையை என் மடியில் வைத்து, "சிஸ்டர் இல்லேன்னா இன்னைக்கு இது இல்ல" என்றாள் அதன் பாட்டி. அண்ணாச்சி கடைசிப் பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் பிள்ளையைக் கொஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எஞ்சின் போனதற்குப் புது டிரைவரைத் திட்டினார்களே தவிர, பழைய விஷயத்தை யாரும் கிளறவில்லை. என்னையும் யாரும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். துரையின் ஆபீஸ் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா என்ன?

நாலு வருஷம் இப்படிப் போயிற்று. வேலைக்காலம் முடிந்து, மகன் வீட்டுக்கு ஊரை விட்டுப் போவதற்கு முந்தின நாள், அண்ணாச்சி சொல்லிக்கொண்டு போக டிஸ்பென்சரிக்கு வந்தார். மருந்து நெடி ஏறிய இருமல் அவருக்கு நிரந்தரமாகிவிட்டிருந்தது. எங்கிருந்தோ எனக்குத் தைரியம் வந்தது. "அண்ணாச்சி, அன்னிக்கு ஆபீசுல தொர என்னக் கேட்டாருங்க. எண்ணெ எங்க போகுதுன்னு. நான் தெரியாதுன்னு சொல்லிப்போட்டனுங்க."

"தெரியும்மா" என்றார். "சன்னலுக்கு வெளியதான நின்னேன். அடுத்து என்னியக் கூப்புடுததாச் சொல்லியிருந்தாங்க."

அப்படியென்றால் கம்பிளியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு என் முன்னால் ஏறியபோதும் அவருக்குத் தெரியும். விருந்தில் நான் பிள்ளையைக் கொஞ்சியபோதும் தெரியும். அவர் கோபப்படவில்லை. 'விடும்மா, பரவாயில்ல' என்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் இருமிவிட்டு இதைத்தான் சொன்னார்: "எனக்குச் சொல்லி என்ன நர்ஸம்மா? எனக்குத்தான் தெரியுமே. வீட்டுல ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க. நீ எடுத்தியான்னு அவ இன்னைக்கு வரைக்கும் என்னக் கேட்டதில்ல. ஆனா மனசுக்குள்ள கெடக்கு. எனக்குத் தெரியும்."

சாயங்காலம் கட்டாயம் வருகிறேன் என்றேன். சாயங்காலம் ஒரு காய்ச்சல்காரர் வந்தார். பிறகு ஒரு கைமுறிவு வந்தது. அதற்குப் பிறகு யாரும் வரவில்லை, அப்போதும் நான் போகவில்லை. லயம் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. மதினியின் முகத்தை நினைக்க நினைக்கக் கால் எழவில்லை. காலை முதல் பஸ்ஸில் அவர்கள் போய்விட்டார்கள்.

அவர்களைப் பிறகு நான் பார்க்கவே இல்லை. இருவரில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்றும் தெரியாது. இதை யாராவது மதினிக்கு வாசித்துக் காட்டுவார்கள் என்ற நப்பாசையில் எழுதுகிறேன். மதினி, அவர் ஒரு சொட்டுக்கூட எடுக்கவில்லை. எல்லாம் புகையாகப் போனது. நான் தினமும் பின்சீட்டில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.