மரக்காளான் சாறும் என் கையெழுத்தும்

கொழும்பை அடுத்த இரத்மலானையில் உள்ள ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் பல வருடங்களாக வேலை செய்கிறேன். மூலிகை எண்ணெய், தூள், குடிக்கும் பாணி என்று கொண்டுவந்து தருவார்கள். அவற்றில் நஞ்சு இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. கொட்டாஞ்சேனையில் பரம்பரையாக வைத்தியம் செய்யும் குடும்பம் ஒன்று தங்கள் மரக்காளான் சாற்றைக் கொண்டுவந்ததும் அப்படித்தான். கறுப்பாக, மூக்கில் ஏறும் மண்வாசனையோடு இருந்தது. எலிகளுக்குக் கொடுத்து இரண்டு கிழமை, பதினான்கு நாளும், பார்த்தேன். ஒன்றும் சாகவில்லை, தீனி தின்பதும் குறையவில்லை. பிறகு வெட்டிப் பார்த்தபோது ஈரலும் சிறுநீரகமும் சுத்தமாக இருந்தன. அறிக்கையில் கையெழுத்து வைத்தேன்.

நாலைந்து மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தையில் மச்சாள் வீட்டுக்குப் போனோம். மச்சாள் என் கணவரின் அக்கா. இதய வால்வு மாற்றியவர். இரத்தம் கட்டிப்படாமல் இருக்கத் தினமும் குளிசை போடுகிறவர். சாப்பாட்டு மேசையில் அந்தச் சாற்றுப் போத்தல் இருந்தது.

"உங்கட லேபில சோதிச்சதெண்டு கடையில சொன்னவை. நீரோ செய்தனீர்?"

"ஓம் மச்சாள், நான்தான்."

"அப்ப பயமில்லாமல் குடிக்கலாம், என்ன?"

"ஓம்" என்றேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அவருடைய குளிசைகளை முந்தின கிழமை நானே பார்மசியில் வாங்கிக் கொடுத்திருந்தேன். அந்த நேரம் அது ஞாபகம் வரவேயில்லை.

மூன்று கிழமைக்குப் பிறகு, வேலைநேரத்தில் கணவர் போன் எடுத்தார். "அக்காவுக்கு மூக்கால ரத்தம் வருது. நிக்குதில்லை. ஆஸ்பத்திரிக்கு வாரும்."

போனபோது மச்சாள் பஞ்சால் மூக்கைப் பொத்திக்கொண்டு கட்டிலில் இருந்தார். இரண்டு கைகளிலும் கத்தரிக்காய் நிறத்தில் இரத்தம் கன்றிப்போன கண்டல்கள். இரத்தம் உறைய எடுக்கும் நேரம் அளவுக்கு மீறிக் கூடியிருப்பதாகச் சொன்ன வைத்தியர், குளிசையைத் தவிர வேறு என்ன எடுக்கிறார் என்று சிங்களத்தில் கேட்டார். மச்சாள் என்னைப் பார்த்தார். சாற்றைப் பற்றி நான்தான் சொன்னேன்.

"இதனால்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது" என்றார் வைத்தியர். "இரண்டையும் சேர்த்து எடுத்தால் என்ன ஆகும் என்று யாராவது சோதித்திருக்கிறார்களா?"

"இல்லை" என்றேன். எங்கே வேலை செய்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

ஐந்தாம் நாள் மச்சாளை வீட்டுக்கு விட்டார்கள். மறுநாள் மனேஜரிடம் போய் நடந்ததைச் சொன்னேன்.

"அவை கேட்டதைத்தானே சோதிச்சம்? ரிப்போட்டில என்ன பிழை?" என்றார்.

ஒரு பிழையும் இல்லை. எலிகளுக்கு வால்வும் மாற்றவில்லை, குளிசையும் கொடுக்கவில்லை. அதை எழுத அறிக்கையில் இடம் இருந்தது. எழுதவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

லீவு போட்டுவிட்டுக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். அந்தச் சாற்றைத் தயாரிக்கும் வைத்தியர் நடுத்தர வயதுக்காரர். சண்டைக்கு வருவார் என்றுதான் நினைத்தேன். அவர் கதவைச் சாத்திவிட்டு முழுதையும் கேட்டார்.

"அப்பா ஆளைப் பாத்து, என்ன மருந்து எடுக்கிறீங்களெண்டு விசாரிச்சுத்தான் குடுத்தவர். இப்ப கடைகளுக்குப் போடுறம். போத்தில் ஆரிட்டப் போகுதெண்டு எனக்குத் தெரியாது, தங்கச்சி" என்றார்.

இரத்தம் கட்டிப்படாமல் குளிசை போடுகிறவர்கள் குடிக்கக்கூடாது என்று லேபிளில் சேர்க்க ஒத்துக்கொண்டார். சேர்த்தும் விட்டார். அதற்கு முன் விற்றுப்போன போத்தல்கள் யார் யார் வீட்டில் இருக்கின்றன என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

மச்சாள் என்னைக் கோபிக்கவில்லை. "நீர் வேணுமெண்டே சொன்னீர்?" என்று ஒருமுறை கேட்டு, கையைத் தடவிவிட்டார். ஆனால் இப்போது தலையிடிக்கு என்ன போடலாம் என்பதைக்கூட ஆஸ்பத்திரி வைத்தியருக்குப் போன் எடுத்துத்தான் கேட்கிறார். பக்கத்தில் நான் இருந்தாலும்.