கொம்பு வளைந்த பெண்மான்

“சாம்பிராணி போட்டீங்களா அம்மணி?” டாக்டர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான். ராஸ் அல் கைமாவின் மலையடிவாரத்தில், இன்னும் விடியாத நேரத்தில், ஷார்ஜாவின் முவைலாவிலிருந்து வந்த அலுவலக வண்டியின் கதவைத் திறந்துகொண்டு நான் இறங்கி நின்றேன். அவர் இரண்டடி பின்னால் நகர்ந்து மூக்கை உயர்த்தி ஒரு முறை முகர்ந்தார். எனக்கு முகம் சுட்டது. பிரசவத்துக்காகத் திருநெல்வேலியிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த அம்மா, முந்தைய நாள் மாலை எனக்குத் தலைக்கு ஊற்றி, முடியை விரித்துப்போட்டுப் புகை காட்டியிருந்தாள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். “பச்ச ஒடம்புக்காரி மலையில போயி காத்து குடிச்சிட்டு வருவா, நா பாத்துக்கிட்டு இருக்கணுமாக்கும்” என்றாள். மானைத் தேடிப் போகிறவள் வாசனை இல்லாமல் போக வேண்டும் என்று எனக்குத் தெரியும். சோப்பைக்கூட மாற்றியிருந்தேன். சாம்பிராணியைத்தான் வாசனை என்று நினைக்கத் தோன்றவில்லை. பிள்ளை பெற்ற வீட்டின் காற்றே அதுவாகி இருந்தது.

டாக்டர் கோபப்படவில்லை. தன் வண்டியின் பின்பக்கத்திலிருந்து கட்டம் போட்ட பெரிய துணி ஒன்றை எடுத்துவந்து கொடுத்தார். ஆட்டுக்கொட்டகையில் போட்டு வைத்திருந்த துணி. மூத்திரமும் புழுக்கையும் கலந்த நாற்றம். தலையையும் தோளையும் இறுக்கச் சுற்றிக்கொள்ளச் சொன்னார். இந்த மலை முழுக்க ஆடுகள் திரிவதால் ஆட்டு நாற்றத்துக்கு மான்கள் தலை தூக்குவதில்லையாம். “இன்னிக்கு ஒரு நாளைக்கு உங்களை ஆடுன்னு நெனச்சுக்குங்க. அவங்களும் அப்படியே நெனச்சுக்குவாங்க” என்றார். அவங்க என்றது மானை. அவர் நாமக்கல் பக்கத்துக்காரர். கால்நடை மருத்துவம் படித்துவிட்டு ஒட்டகங்களுக்கு வைத்தியம் பார்க்க வளைகுடாவுக்கு வந்து, பிறகு காட்டு விலங்குகளின் பக்கம் போனவர். ஒட்டகமோ நரியோ, எல்லாமே அவருக்கு வாங்க போங்கதான்.

நான் வேலை பார்ப்பது ஷார்ஜாவில் ஒரு சுற்றுச்சூழல் ஆலோசனை நிறுவனத்தில். கல்குவாரிகளை ஒட்டிய மலைகளில் பொருத்திய கேமராக்கள் எடுக்கும் படங்களைப் பிரித்துப் பார்த்து எழுதுவது என் பொறுப்பு. பேறுகால விடுப்பு முடிந்து திரும்பிய சில நாட்களில் ஒரு பெண்மானின் பின்னங்காலில் ஏதோ மின்னுவதைக் கண்டேன். பெரிதாக்கிப் பார்த்தால் கட்டுக்கம்பி. கட்டட வேலையில் இரும்புக் கம்பிகளைச் சேர்த்துக் கட்டுவார்களே, அந்த மெல்லிய கம்பி காலைச் சுற்றிச் சதைக்குள் இறங்கியிருந்தது. இந்த மலை மான்களில் பெண்ணுக்கும் கொம்பு உண்டு; இடது கொம்பு உள்பக்கமாக வளைந்த மான் அது. எல்லாப் படத்திலும் தனியாகவே நின்றது. ‘தனி விலங்கு, குட்டி இல்லை’ என்று எழுதி அனுப்பினேன். அனுமதியெல்லாம் வாங்கி, மயக்க ஊசி போட டாக்டரை ஏற்பாடு செய்தார்கள். மானை அடையாளம் காட்ட ஆள் வேண்டும், அந்தக் கொம்பைத் தினமும் பார்த்தவள் நீதானே என்றார் மேலாளர். கைக்குழந்தை இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், திரும்பி வந்ததுமே சாக்குச் சொல்கிறாள் என்று நினைப்பார்களோ என்று பயந்தேன். சொல்லாமல் வந்தது சரியா என்று வழி நெடுக யோசித்தேன். கணவர் புஜைராவில் எண்ணெய்க் கிடங்கு வேலையில் இருந்தார், வார விடுமுறைக்குத்தான் வீட்டுக்கு வருவார். மகளுக்கு அப்போது நான்கு மாதம். பாலைப் பிழிந்து குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டு வந்திருந்தேன். முந்தைய நாள் ஒத்திகை பார்த்தபோது அவள் புட்டியை நாக்கால் வெளியே தள்ளினாள். மலைக்குள் நுழைந்ததும் போனில் சிக்னல் போய்விட்டது.

டிரைவர் பாயை வண்டியோடு விட்டுவிட்டு, நீர் வற்றிய ஓடையின் வழியாக நாங்கள் இருவரும் ஏறினோம். அந்த மலையில் மண் என்பதே இல்லை. கால் வைக்கிற கல்லெல்லாம் உருண்டது, உருண்ட ஒவ்வொரு கல்லும் மலை முழுக்கக் கேட்டது. டாக்டர் அவ்வப்போது நின்று சட்டைப்பையிலிருந்து சின்ன டப்பாவை எடுத்து, விரல் நுனியில் திருநீறு தொட்டு ஊதினார். பக்திமான் போலிருக்கிறது என்று நானும் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “சாமிகிட்ட ஒண்ணும் கேக்கலீங்க. காத்து எந்தப் பக்கம் போகுதுன்னு பார்க்கறனுங்க” என்றார். திருநீறு எங்கள் முகத்துக்கே திரும்பி வந்தால் நல்லது. எங்கள் வாடை மானிடம் போகாது.

வெளிச்சம் வந்த சற்று நேரத்தில் அவளைப் பார்த்துவிட்டோம். எதிர்ச்சரிவில் மேய்ந்துகொண்டிருந்தாள். தொலைநோக்கியில் வளைந்த கொம்பு தெரிந்ததும் தலையசைத்தேன். குனிந்து, பிறகு தவழ்ந்து, பாறைக்குப் பாறை நகர்ந்தோம். பாதித் தூரம் போவதற்குள் வெயில் சரிவின் மேல் விழுந்தது. கல் சூடேறியதும் காற்று மேல்நோக்கித் திரும்பியது. அவள் சட்டென்று தலையை உயர்த்தினாள். மூன்று காலில் ஊன்றி, நான்காவதை இழுத்துக்கொண்டு, அந்த நிலையிலும் எங்களைவிடப் பலமடங்கு வேகத்தில் மேட்டைத் தாண்டி மறைந்தாள். என் சாம்பிராணியால்தானே என்று கேட்டேன். ஆட்டுத்துணியையும் மீறிப் போயிருக்குமா என்று மறுபடி கேட்டேன். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார் டாக்டர். ஆமாம் என்று சொல்லியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

சுற்றிக்கொண்டு மேட்டின் மறுபுறம் போக வெகுநேரம் பிடித்தது. பாலூட்டும் நேரம் கடந்துவிட்டது. நெஞ்சு கல்லாகக் கட்டிக்கொண்டு அக்குள் வரை வலித்தது. தவழும்போது பாறையில் பட்டால் உயிர் போனது. பிள்ளை இந்நேரம் அழுது ஓய்ந்திருப்பாளா, இன்னும் அழுகிறாளா என்பது தவிர வேறு யோசனை ஓடவில்லை. அப்போது டாக்டர் கையை அமர்த்தினார். கீழே, எங்கள் ஊர்ப் பக்கம் உடைமரம் என்போமே, அதே போலக் குடை விரித்த முள்மரம் ஒன்றின் நிழலில் அவள் நின்றாள். காற்று எங்கள் முகத்தில் அடித்தது. இதைவிட நல்ல இடம் கிடைக்காது. டாக்டர் துப்பாக்கியில் ஊசியைப் பொருத்திக் கன்னத்தோடு அணைத்தார்.

நான் தொலைநோக்கியைக் கொம்பிலிருந்து காலுக்கு இறக்கினேன். கம்பியைப் பார்க்கத்தான் இறக்கினேன். பார்வை நடுவில் நின்றுவிட்டது. மடி கனத்து, காம்புகள் விடைத்து நின்றன. எந்தப் படத்திலும் அந்தக் கோணம் கிடைத்ததில்லை.

“டாக்டர், பால் கட்டியிருக்கு” என்றேன், காற்றைவிட மெல்ல.

அவர் துப்பாக்கியை இறக்கி, என்னிடமிருந்து தொலைநோக்கியை வாங்கிப் பார்த்தார். குட்டி எங்கோ ஒளிந்திருக்கிறது. இந்த மான்கள் குட்டியைப் பாறை இடுக்கில் படுக்க வைத்துவிட்டு விலகி மேயும். நாளில் சில தடவை மட்டும் வந்து பால் கொடுக்கும். இப்போது ஊசி போட்டால் மயங்கி விழுவதற்குள் எந்தப் பக்கம் ஓடுவாளோ, தெளிந்த பிறகு எப்போது திரும்புவாளோ. பசித்த குட்டி அதுவரை தாங்குமா என்று சொல்ல முடியாது. போடாமல் விட்டால் கால் அழுகித் தாயே இருக்க மாட்டாள். குட்டிக்குப் பால் கொடுத்து முடிக்கட்டும், வயிறு நிறைந்த குட்டி அசையாமல் படுத்திருக்கும், அதன் பிறகு போடலாம் என்று முணுமுணுத்தார். எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டேன். அது அவங்க இஷ்டமுங்க என்றார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். என் சட்டையின் முன்பக்கம் நனைந்திருந்தது. அவர் பார்வையை உடனே விலக்கிக்கொண்டார்.

“வீட்டுல குழந்தை பசிக்கு அழுவுமுங்களே. நீங்க மெதுவா இறங்கி வண்டிக்குப் போயிடுங்க. நான் பார்த்துக்கறனுங்க.”

போகலாம் என்றுதான் உடம்பு சொன்னது. ஆனால் கீழே இறங்கும் வழி முழுக்க உதிரிக் கற்கள். நான் நாலடி வைத்தால் அவள் ஓடிவிடுவாள். அன்று ஓடினால் இன்னொரு நாள் இவ்வளவு கிட்டத்தில் கிடைப்பாளா என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு மானுக்காக என் பிள்ளையை அழவிடுகிறேனா, கல்லில் படுத்துக்கொண்டு அதையே கேட்டுக்கொண்டிருந்தேன். தலையில் ஆட்டு நாற்றம் வெயிலில் கொதித்தது. டாக்டர் ஒரு பேரீச்சம்பழத்தை என் பக்கம் நகர்த்தி வைத்தார். எறும்புகள் வந்து அதைச் சுற்றிக்கொண்டன. நான் தொடவில்லை.

நிழல் மரத்தடிக்கே சுருங்கிய பிறகு அவள் கிளம்பினாள். நேராகப் போகவில்லை. நின்றாள், திரும்பினாள், வந்த வழியே கொஞ்சம் போனாள், மறுபடி நின்றாள். பின்னால் எவரும் வரவில்லை என்று உறுதிசெய்துகொள்கிற நடை. ஒரு பாறைக்குவியலின் அருகே தலையைத் தாழ்த்தினாள். கல் என்று நான் நினைத்திருந்த ஒன்று நாலு காலில் எழுந்து நின்று, அவள் மடியில் முட்டியது. அந்த நொடியில் எனக்கும் பால் சுரந்து இறங்கியது. துணியால் அழுத்திக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன். என் பிள்ளைக்கான பால் நான் படுத்திருந்த கல்லுக்குப் போயிற்று.

குட்டி குடித்துவிட்டுத் திரும்பவும் படுத்தது. அவள் விலகி நடந்து எங்களுக்குக் கீழே வந்தபோது டாக்டர் சுட்டார். புஸ்ஸென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். தொடையில் ஊசியோடு ஓடி, தடுமாறி, ஓடைக்குள் சரிந்தாள். இறங்கிப் போய்க் கண்ணைத் துணியால் மூடினோம். தலையை என் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். டாக்டர் கம்பியை வெட்டி எடுத்தார். புண்ணைக் கழுவி மருந்து வைக்கும்போது, “கொஞ்சம் எரியுமுங்க, பொறுத்துக்குங்க” என்று அவளிடம் சொன்னார். மயக்கம் தெளிய மாற்று ஊசி போட்ட சற்றைக்கெல்லாம் எழுந்தாள், நான்கு காலையும் ஊன்றினாள், எங்களைப் பார்க்காமலே ஓடினாள். குட்டி இருந்த பக்கம் அல்ல, நேர் எதிர்ப்பக்கம்.

நான் அந்த மேட்டையே பார்த்து நின்றேன். இருட்டும் வரை நான் இருந்து பார்க்கிறேன், நீங்கள் வீட்டுக்குப் போங்கள் என்று டாக்டர் என்னைக் கிட்டத்தட்டத் துரத்தினார். வண்டியில் ஏறியதும் டிரைவர் பாய் மூக்கைப் பொத்திக்கொண்டு, “மேடம், பக்ரி?” என்று ஆட்டைத் தேடுவது போல் இருக்கைக்கு அடியில் பார்த்தார். நான் சிரித்தேன், பிறகு அழுதேன். அவர் கண்ணாடிகளை எல்லாம் இறக்கிவிட்டு வேகமாக ஓட்டினார்.

வீட்டில் அம்மா பாலாடையால் புகட்டியிருந்தாள். “ஒம்பிள்ள புட்டிய தொடலட்டி. சங்கடப்படாத, முக்கா வயிறு குடிச்சிருக்கா” என்றாள். குளிக்கக்கூடப் பொறுமையில்லாமல் பிள்ளையை எடுத்தேன். ஆட்டு வாடை அவளுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. மறுநாள் அலுவலக விடுமுறை. மதியத்துக்கு முன்பு டாக்டர் போன் செய்தார். “வந்துட்டாங்கம்மணி” என்று மட்டும் சொன்னார். நான் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததே எனக்கு ஆச்சரியம்.

டாக்டர் பிறகு வேலை மாறி ஓமானுக்குப் போய்விட்டார். மகள் இப்போது நர்சரிக்குப் போகிறாள். தூங்க வைக்கும்போது ஒரு நாள் இந்த மான் கதையைச் சொன்னேன். கம்பியை வெட்டியதெல்லாம் அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. “பேபி டியர்கிட்ட மம்மி கம் பேக் பண்ணாளா?” என்று கேட்டாள். வந்துட்டா என்றேன். அவள் தூங்கிவிட்டாள், நான் தூங்கவில்லை. மறுநாள் மாலை டாக்டரை அழைத்தேன். நலம் விசாரித்த பிறகு, அன்று நிஜமாகவே பார்த்தீர்களா என்று கேட்டேன். 

“இருட்டற வரைக்கும் வரலீங்க. விடிஞ்சதும் மறுபடி போனனுங்க. குட்டி அங்க இல்லீங்க. ரத்தம், ரோமம் ஒண்ணும் கெடக்கல. அம்மா வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்கன்னு எடுத்துக்கிட்டேன்.”

“நரின்னும் எடுத்துக்கலாம்ல டாக்டர்?”

“எடுத்துக்கலாமுங்க. நீங்க அதைத்தான் எடுத்துக்குவீங்கன்னுதான் அப்பச் சொல்லலீங்க.”

கோபம் வந்ததா, நன்றி வந்ததா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. எனக்காக அவர் தன் விடுமுறை நாளில் அந்த மலையை இரண்டாம் முறை ஏறியிருக்கிறார் என்பது போனை வைத்த பிறகுதான் உறைத்தது. மறுநாள் வேலையெல்லாம் முடித்துவிட்டு, அந்தக் கேமராவின் பழைய படங்களைத் திறந்தேன். கம்பியை வெட்டிய பிறகு எடுத்தவை; அப்போதே பார்த்து எழுதியவைதான், ஆனால் குட்டியைத் தேடிப் பார்த்ததில்லை. வளைந்த கொம்பு பலவற்றில் இருந்தது. காலில் முடி முளைக்காத வளையம் ஒன்று இருந்தது, நடை நேராகியிருந்தது. குட்டி எதிலும் இல்லை. ஒவ்வொரு படத்திலும் தனியாகத்தான் நின்றாள். சரி, நரிதான் என்று முடிவுகட்டினேன். பின்னால் தள்ளித் தள்ளி, கம்பி மாட்டியிருந்த நாட்களின் படங்களுக்குப் போனேன். அவற்றிலும் தனியாகத்தான் நின்றாள். பாறை இடுக்கில் குட்டி உயிரோடு படுத்திருந்த நாட்கள் அவை. அந்தப் படங்களைப் பார்த்துத்தான் குட்டி இல்லை என்று என் கையால் எழுதியிருந்தேன்.

எங்கள் அலுவலக வாசலிலும் ஒரு கேமரா இருக்கிறது. காலையில் நான் உள்ளே போவதும் மாலையில் வெளியே வருவதும் நாள் தவறாமல் அதில் பதிவாகியிருக்கும். பையும் அடையாள அட்டையுமாக ஒற்றை ஆள். அதைப் பிரித்துப் பார்த்து எழுத உட்காரும் எவளும் என்னைப் பற்றியும் அதையேதான் எழுதுவாள்.

அதற்கு மேல் படங்களைப் பார்க்கவில்லை. கணினியை அணைத்தேன். நர்சரி மூடும் நேரம் நெருங்கியிருந்தது. லிஃப்ட் எங்கோ மேல் தளத்தில் நின்றது. காத்திருக்க முடியாமல் படிக்கட்டில் இறங்கத் தொடங்கினேன்.