ஏரிச் செய்தியைச் சொன்னவர்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், எங்கள் நகரின் குடியிருப்போருக்கும், தங்கையிடம் பால் வாங்கிய எல்லா இல்லத்தாருக்கும் என் வணக்கம். தங்கை மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவர் என்னைவிட ஆறு வயது இளையவர். உயிரோடு இருந்தவரை வா, போ என்றுதான் அழைத்தேன். மறைந்தவர் என்பதாலும், அச்சில் ஏறும் எழுத்து என்பதாலும் இங்கே மரியாதைப் பன்மையில் குறிப்பிடுகிறேன். கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

கட்டுரையைக் கேட்டது தங்கையின் மகன். "மாமா, நீதான் படிச்சவரு, நீயே எழுதிக் குடு. ஆனா சின்னதா எழுது. உன் நோட்டீஸ் மாரி எழுதினா எவனும் படிக்க மாட்டான்" என்றான். தாயின் வாய் அவனுக்கும் வாய்த்திருக்கிறது. சுருக்கமாகவே எழுத முயல்கிறேன். ஆனால் தங்கையின் பெயரில் ஒரு பழி நிற்கிறது. அதை நீக்காமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது.

தங்கை பிறந்தது குத்தம்பாக்கத்தை அடுத்த ஒரு சிற்றூரில். பெற்றோர் பிறர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். இதைச் சொல்ல இப்போது எனக்குத் தயக்கமில்லை. பணியில் இருந்த காலத்தில் இருந்தது. தந்தையாருக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை கிடைத்ததும் அண்ணனூருக்குக் குடிவந்தோம். வீட்டில் ஒருவரைத்தான் மேலே படிக்கவைக்க முடிந்தது. அந்த ஒருவன் நான். வரலாற்றில் பட்டம் பெற்று, அரசு அலுவலகம் ஒன்றில் சேர்ந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றேன். தங்கை எட்டாம் வகுப்போடு நின்று, ஆடை ஏற்றுமதி நிறுவனத்தில் தையல் வேலைக்குப் போனார். எனவே அவருக்குத்தான் என்மேல் பொறாமை இருந்திருக்கவேண்டும். நடந்தது வேறு.

வேலை முடிந்து வந்து கைகால் கழுவியதும் தந்தையார் கேட்கும் முதல் கேள்வி, "இன்னாம்மா சேதி?" என்பது. கேள்வி தங்கைக்கு மட்டுமே உரியது. எந்தக் குழாயடியில் யார் குடம் உருண்டது, எந்த வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தார்கள், வந்தவர்கள் எத்தனை பஜ்ஜி தின்றார்கள் என்று தங்கை நடித்தே காட்டுவார். தந்தையார் வயிறு குலுங்கச் சிரிப்பார். வகுப்பில் முதலாவதாக வந்த மதிப்பெண் அட்டையோடு நான் பக்கத்தில் நிற்பேன். "அங்க வைப்பா, பாக்கறேன்" என்பார். கையெழுத்துப் போட்டிருப்பார். படித்துப் பார்த்தாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

தங்கைக்கு வாய்த்தவர் லேத் பட்டறைத் தொழிலாளி, நல்ல மனிதர். மகன் ஐந்தாம் வகுப்பில் இருக்கும்போது காலமானார். என் வீட்டு மாடியில் வந்து இருக்கும்படி நான் சொன்னேன். "ஒரே தெருவுல இருந்தா போதும்ணா, ஒரே ஊட்ல இருந்தா ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை நின்னுடும்" என்று மறுத்துவிட்டார். எங்கள் நகரில் வீடு வீடாகப் பால் போடும் வேலையை எடுத்துக்கொண்டார். இருபத்திரண்டு ஆண்டுகள், விடியும் முன் பால் பாக்கெட் டப்புகளை மிதிவண்டியில் கட்டிக்கொண்டு எல்லாத் தெருவும் சுற்றினார். காய்ச்சல் என்று ஒருநாளும் நின்றதில்லை. யாரிடமும் கைநீட்டியதில்லை. மகனைப் பட்டயப் படிப்பு படிக்கவைத்து வேலையில் அமர்த்தினார்.

நான் குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளர். மாதந்தோறும் இரண்டு பக்கச் செய்தி மடல் தயாரித்து, மோட்டார் அறைச் சுவரில் உள்ள பலகையில் ஒட்டுவேன். பத்தாண்டுகளில் அதில் ஒரு பிழையை எவரும் காட்ட முடிந்ததில்லை. காட்டுவதற்கு யாராவது படித்திருக்கவேண்டும் என்பது பிறகுதான் புரிந்தது.

எங்கள் நகரில் குடியிருப்போருக்கென்று கைபேசியில் ஒரு குழு ஏற்பட்டபோது, பால் வண்டி தாமதமானால் சொல்வதற்காகத் தங்கையையும் சேர்த்தார்கள். அவர் எழுதுவதில்லை, பேசிப் பதிவிடுவார். "எல்லாருக்கும் வணக்கம்பா. பால் வண்டி இன்னும் ஆவடி தாண்டல, அரை அவரு லேட்டாவும். மூணாவது தெருவுல கரண்டு கம்பி தொங்கிக்கினு கீது, யாரும் அந்தாண்ட போவாதீங்க. ரயில்வே கேட்டு ரிப்பேரு, ஆபீஸ் போறவங்க சுத்திக்கினு போங்க. அப்பறம், ஏழாம் நம்பர் ஊட்டுப் பொண்ணு பாஸாயிடுச்சு. ஸ்வீட்டு கேட்டு வாங்கிக்கங்க, அவங்களா தர மாட்டாங்க." இதற்கு நாற்பது பேர் கைகூப்புவார்கள், இதயம் அனுப்புவார்கள். அதே செய்தி மாத இறுதியில் என் மடலில், 'தாழ்ந்திருந்த மின்கம்பி சீர்செய்யப்பட்டது' என்று வெளிவரும்.

புதிய அடுக்ககத்தில் மென்பொருள் நிறுவன ஊழியர் ஒருவர் இருந்தார், மதுரைப் பக்கத்துக்காரர். ஒருநாள் வழியில் நிறுத்தி, "சார், பால்காரம்மா உங்க தங்கச்சியாமே! முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பத்தாண்டுச் செயலாளரான நான் அன்றுதான் அவருக்கு அறிமுகமானேன்.

அந்தப் பழிக்குக் காரணமான ஒரு மழைக்காலத்துச் செய்திக்கு வருகிறேன். மூன்று நாட்களாக மழை விடவில்லை. அலுவலகக் காலத்து நண்பர் ஒருவர் காலையில் தொலைபேசியில் பேசும்போது, இப்படியே இன்னும் இரண்டு நாள் பெய்தால் பக்கத்து ஏரி நிரம்பி, தண்ணீர் எங்கள் பக்கம் திரும்பலாம் என்றார். அவர் சொன்னது அவ்வளவே. நான் தங்கையை அழைத்து, ஏரி நிரம்பிவிட்டது, தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது, உடனே எல்லோருக்கும் சொல் என்றேன். ஏன் மிகைப்படுத்தினேன் என்று எத்தனையோ முறை என்னையே கேட்டிருக்கிறேன். ஊரே திரும்பிப் பார்க்கும் செய்தி ஒன்று, ஒருமுறையாவது, என்னிடமிருந்து புறப்படவேண்டும் என்று விரும்பினேன். வேறு காரணம் இல்லை. 'அண்ணன் சொன்னாரு' என்று தங்கை தொடங்குவார் என எதிர்பார்த்தேன்.

தங்கை சொன்னது இது: "ஏரி ரொம்பிக்கிச்சாம்பா. தண்ணி நம்ம பக்கம் வந்துகினு கீதாம். கீழ் ஊட்டுக்காரங்கோ சாமான மேல ஏத்திக்கங்க, வயசானவங்கள மொதல்ல ஏத்துங்க."

என் பெயர் அதில் இல்லை. அதை மூன்று முறை போட்டுக் கேட்டேன். தெருவில் கட்டில்களும் பீரோக்களும் மாடியேறிக்கொண்டிருந்தன. எனக்கோ என் செய்தியையும் தங்கையே எடுத்துக்கொண்டார் என்ற கோபம் மட்டுமே இருந்தது. நண்பகலில் மழை நின்றது. வெயிலே வந்துவிட்டது. மாலைவரை ஒரு சொட்டுத் தண்ணீரும் வரவில்லை. அப்போது, என் பெயர் அதில் இல்லாததை நினைத்து நிம்மதியாக மூச்சுவிட்டேன். ஒரே நாளில் ஒரே காரணத்துக்காகக் காலையில் கோபமும் மாலையில் நிம்மதியும் அடைந்தவன் நான்.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். "கைக்குழந்தைய தூக்கிட்டு தாம்பரம் வரைக்கும் போயிட்டோம் சார், இதுக்கு யார் பொறுப்பு?" என்று ஒருவர் எழுந்தார். "ஃபிரிட்ஜ ஏத்தறப்போ எங்க மாமனாருக்கு இடுப்பு புடிச்சுக்கிச்சு" என்றார் இன்னொருவர். செயலாளர் நாற்காலியில் இருந்து நான்தான் கேட்டேன்: "இந்தத் தகவலை உங்களுக்குத் தந்தது யார்?"

தங்கை பின்வரிசையில் நின்றிருந்தார். என்னைப் பார்த்தார். "யாரோ சொன்னாங்க சார். நான்தான் விசாரிக்காம போட்டுட்டேன். தப்புதான், மன்னிச்சுக்கங்க" என்றார். அவர் என்னை சார் என்று அழைத்தது வாழ்நாளில் அந்த ஒருமுறைதான். உறுதிசெய்யப்படாத தகவல் பரப்புவோரைக் குழுவிலிருந்து நீக்கலாம் என்ற தீர்மானத்தை நானே எழுதி, நானே வாசித்து, நானே நிறைவேற்றினேன். தன் தங்கை என்றும் பாராத நேர்மையாளர் என்று அன்று சிலர் என்னைப் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டை நான் ஏற்றுக்கொண்டேன்.

ஐந்து வாரங்கள் குழுவில் தங்கையின் குரல் இல்லை. என் மடலை வாரம் ஒருமுறையாக ஆக்கினேன். அந்த நாட்களில், இரண்டாம் தெருவில் தனியாகக் குடியிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் காலமானார். முறைப்படி இரங்கல் அறிவிப்பு எழுதிப் பலகையில் ஒட்டினேன். எடுக்கும்போது நான்கு பேர் இருந்தோம். அதில் ஒருவர் தங்கை. திரும்பும் வழியில், "நாப்பது வருஷம் புள்ளைங்களுக்குப் பாடம் சொன்ன மனுசன். தூக்கறதுக்கு ஆளு தேட வேண்டியதா பூடுச்சே அண்ணா" என்றார். அடுத்த கூட்டத்தில் உறுப்பினர்களே பால்காரம்மாவைத் திரும்பச் சேர்க்கச் சொன்னார்கள். சேர்த்தோம். தீர்மானத்தில் வருத்தம் தெரிவிக்கும் வரி எதுவும் நான் எழுதவில்லை.

மறுநாள் காலை, "எல்லாருக்கும் வணக்கம்பா, வந்துட்டேன். கெய்வி போய்ட்டான்னு நெனச்சுக்கினீங்களா? ரயில்வே கேட்டு இன்னிக்கும் ரிப்பேருதான்" என்று அவர் குரல் வந்தது. வந்து குவிந்த கைகூப்பல்களை என்னால் எண்ணி முடிக்க முடியவில்லை. பாதியில் கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

சென்ற ஆண்டு தங்கைக்குச் சிறுநீரகம் பழுதுபட்டது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஒரு மருத்துவமனையில் பதினெட்டு நாட்கள் இருந்தார். நான் தினமும் சென்றேன். ஒருநாள் மாலை, பார்க்க வந்தவர்கள் எல்லாம் போனபிறகு, அந்த ஏரிச் செய்தியைப் பற்றிச் சங்கத்தில் உண்மையைச் சொல்லிவிடப்போகிறேன் என்றேன்.

"இப்ப எதுக்குண்ணா? தண்ணியே வர்ல, நீ இன்னாத்துக்கு அணை கட்டிக்கினு கீற?"

"என் பெயரை ஏன் அப்போதே சொல்லவில்லை?"

"சொல்லியிருந்தா எவனும் நம்பியிருக்க மாட்டான். பீரோவ ஏத்தியிருக்க மாட்டான். இடுப்பும் புடிச்சிருக்காது. உன் பேரைச் சொல்லாததுதான் நான் பண்ண தப்பு" என்று சொல்லிவிட்டு, இருமல் வரும்வரை சிரித்தார். அது வேடிக்கையாகச் சொன்னது. எனக்கு வலித்தது. இப்போதும் வலிக்கிறது.

அதற்கு நான்காம் நாள் அதிகாலையில் தங்கையின் உயிர் பிரிந்தது. ஆக வேண்டியதை அவர் மகனிடம் ஒப்படைத்துவிட்டு, அறிவிப்பு எழுதுவதற்காக வீட்டுக்கு வந்தேன். 'இயற்கை எய்தினார்' என்பதா, 'இறைவனடி சேர்ந்தார்' என்பதா என்று நெடுநேரம் யோசித்தேன். எழுதி முடித்துப் பசையோடு பலகைக்குப் போனபோது தெரு நிறைந்திருந்தது. அடுக்ககத்துக் குடும்பங்கள் அனைத்தும் கீழே இறங்கியிருந்தன. பால் வண்டி ஓட்டுநர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுத் தலையில் துண்டைப் போட்டு உட்கார்ந்திருந்தார். "இன்னா சார், இப்பதான் ஒட்டறியா? ஊரே வந்துகீது" என்றார். யார் முதலில் சொன்னது என்று விசாரித்தேன். ஒவ்வொருவரும் இன்னொருவரைக் காட்டினார்கள். என் தங்கையின் மரணத்தைக்கூட இந்த ஊருக்கு நான் முதலில் சொல்ல முடியவில்லை. அந்தக் கூட்டத்தைக் கண்டதும் என் மனத்தில் எழுந்த முதல் எண்ணம், எனக்கு இத்தனை பேர் வருவார்களா என்பது. எழுதக் கூசுகிறது, ஆயினும் எழுதிவிட்டேன்.

ஊர்வலத்தில் என்னோடு நடந்தவர் ஆறுதலாகச் சொன்னார்: "ரொம்ப நல்ல மனுஷி சார். அந்த ஏரி விஷயத்துல மட்டும்தான் கொஞ்சம் அவசரப்பட்டுட்டாங்க." நான் தலையசைத்தேன். அந்தத் தலையசைப்பு ஓராண்டாக என்னை விடவில்லை.

மருத்துவமனையில் முறைவைத்துத் துணையிருந்த தெருப் பெண்களுக்கும், அந்தப் பதினெட்டு நாளும் தங்கையின் வாடிக்கை வீடுகளுக்குத் தவறாமல் பால் போட்டு வந்த ஓட்டுநருக்கும், அறிவிப்புக்குக் காத்திராமல் வந்து தோள்கொடுத்த அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அவர்களிடமும், இதைப் படிக்கும் எல்லோரிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. ஏரி நிரம்பிவிட்டது என்று அன்று பொய்யான செய்தியைச் சொன்னவன் நான். தங்கை என்னை நம்பியதைத் தவிர வேறு தவறு செய்யவில்லை. இனி எவரேனும் அந்த நாளைப் பற்றிப் பேசினால், தங்கையின் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைச் சொல்லுங்கள். இந்த நகரில் அந்த ஒரு செய்தியாவது என் பெயரில் இருக்கட்டும்.