துணி எலி

கிணற்றுக்குள் பாறைக்கு வைத்த வெடி முந்திக்கொண்டதில் மாரப்பனுக்கு இரண்டு கண்ணும் போயின. கைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவன் பெண்டாட்டி தீர்த்தம்மாளுக்கு அதுதான் வினையாயிற்று. கண் இருந்த காலத்தில் கோபம் வந்தால் மட்டும் அடித்தவன், கண் போனபின் அவள் எங்கே நிற்கிறாள் என்று தெரிந்துகொள்வதற்கே தடியை வீசினான். கடத்தூருக்கு மூன்று மைல் தள்ளி இருந்தது ஊர். பிள்ளைகுட்டி கிடையாது. ஒரு துண்டு ராகிக் காடும் அவன் உட்கார்ந்த இடத்தில் கற்றாழை நாரில் திரிக்கிற கயிறும்தான் சோறு போட்டன.

யுத்த காலத்தில் ஒருநாள், களையெடுக்கப் போன இடத்தில் ஒரு கன்னடக்காரி தீர்த்தம்மாளுக்குப் பூனைக்குட்டி ஒன்றைக் கொடுத்தாள். அவள் அதைப் பெக்கு என்று கூப்பிட்டாள்; கன்னடத்தில் பூனைக்கு அதுதான் சொல். இவளும் அந்தப் பெயரையே வைத்துக்கொண்டாள். ராகி மூட்டையை எலி கடிக்கிறது என்று புருஷனிடம் சொன்னாள். உண்மை அதுவல்ல. அந்த வீட்டில் அடிக்காமல் பக்கத்தில் வந்து உட்கார ஒரு உயிர் வேண்டியிருந்தது அவளுக்கு.

பெக்குவுக்கு எல்லாமே விளையாட்டு. நார் நுனி ஆடினால் பாயும். மாரப்பனின் கால் கட்டைவிரல் அசைந்தாலும் பாயும். பாவம், அவனுக்கு அது வருவது தெரியாது. திடீரென்று காலில் நாலு கோடு, ரத்தம். தடியை வீசுவான். பூனை பரண்மேல் ஏறிவிடும், அடி தீர்த்தம்மாள் முதுகில் விழும்.

“இன்னொரு தரம் என் மேல ரத்தம் வந்துச்சு, அத சாக்குல கட்டிக் கெணத்துல போட்டுருவேன்,” என்றான் ஒருநாள். “நான் எதுக்குப் போடறேன்? உன் கையாலயே போட வெப்பேன்.”

சொன்னதைச் செய்கிற ஆள்தான். அன்றே அவள் பூனையைப் பழக்க உட்கார்ந்துவிட்டாள். அடிக்கவில்லை. அடித்தால் யாருக்கும் நல்ல புத்தி வராது என்பதற்கு அவள் முதுகே சாட்சி. நகம் பட்டால் “ஆ” என்று ஒரு சத்தம் போடுவாள். கையை இழுக்காமல் அப்படியே மரக்கட்டையாகப் போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நகத்தை மடக்கிக்கொண்டு தொட்டால் மடியில் தூக்கி வைத்துக் காதுக்குப் பின்னால் சொறிந்துவிடுவாள். கடிப்பதற்கு ஏதாவது கொடுக்க வேண்டுமே! சேலைக் கிழிசலைச் சுருட்டி, கற்றாழை நாரில் வால் வைத்து, ஒரு எலி தைத்தாள். அதை எறிவாள், பெக்கு கவ்விக்கொண்டு வரும். உள்ளங்கையை விரித்தால், பல் படாமல் அதில் வைக்கும். வைத்தால் ஒரு துணுக்குக் கருவாடு.

மூன்று மாதம் ஆயிற்று. ஒருநாள் பயந்து பயந்து புருஷன் கையைப் பிடித்து விரித்து வைத்தாள். பெக்கு துணி எலியைக் கொண்டுவந்து அந்தக் கையில் வைத்தது. நார் திரித்துத் திரித்துக் காய்த்துப்போன விரலால் மாரப்பன் அதைத் தடவிப் பார்த்தான். “அடி இவளே!” என்று சிரித்தான். கண் போனதிலிருந்து அவள் கேட்காத சிரிப்பு. அதன்பிறகு அந்தக் கை தடியைத் தேடவில்லை. பொழுதுக்கும் துணி எலியை எறிவதும் கையை விரித்துக்கொண்டு “கொண்டா” என்பதுமாக இருந்தான். தீர்த்தம்மாளின் முதுகு ஆறியது. இது இப்படியே இருந்தால் போதும், வேறு ஒன்றும் வேண்டாம் என்று சாமியிடம் கேட்டுக்கொண்டாள்.

சாமிக்குக் காது கேட்கவில்லை. பக்கத்து ஊரில் எலி விழுகிறது என்று பேச்சு வந்தது. எலி தானாகச் செத்து விழுந்தால் அடுத்தது பிளேக். ஊரைக் காலி செய்துவிட்டுக் காட்டில் கொட்டாய் போட்டுக்கொள்ள வேண்டும். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். தீர்த்தம்மாள் விடிந்ததும் மூலைமுடுக்கெல்லாம் துழாவினாள். ஒன்றும் விழவில்லை. வீடு சுத்தமாக இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் துவைத்தாள். துணி எலி எச்சில் நாற்றம் அடித்தது. அதையும் அலசி வேலியில் காயப்போட்டுவிட்டுக் காட்டுக்குப் போனாள்.

சாயங்காலம் திரும்பியபோது மாரப்பன் குஷியாக இருந்தான்.

“ஏ புள்ள, துணி எலிய ஈரத்தோடவா போட்டுட்டுப் போன? நல்ல கனம். பத்து தரம் எறிஞ்சேன், பத்து தரமும் கொண்டாந்து கையில வெச்சுது. ஒரு பல்லு படலயே!” என்றவன், கொஞ்சம் யோசித்து, “மொதல்ல சூடா இருந்துச்சு,” என்றான்.

அவள் வேலியைப் பார்த்தாள். துணி எலி அங்கேயேதான் தொங்கியது. அவன் காலடியில், கயிற்றுச் சுருளுக்குப் பக்கத்தில், வாயில் ரத்தம் கட்டிய பெரிய எலி கிடந்தது.

“ஆமாங்க. ஈரந்தாங்க,” என்றாள்.

அவனிடம் கடைசிவரை அவள் வேறு எதுவும் சொல்லவில்லை. ஊரிடம் சொல்லாமல் இருக்க முடியுமா? எதிர்வீட்டுப் பெரியம்மாளிடம் சொன்னாள். ஊர்க்காரர்கள் கூடி, எங்கே விழுந்தது என்று கேட்டார்கள். “அவரு கையில,” என்றாள். ஊர் ஒரே நாளில் காலியாகிக் காட்டுக்குப் போயிற்று. இவர்கள் இருவரை மட்டும் கூப்பிட்டால் கேட்காத தூரத்தில் ஒதுக்கி வைத்தது. மூன்றாம் நாள் மாரப்பனுக்குக் காய்ச்சல். அக்குளில் எலுமிச்சை அளவுக்குக் கட்டி. பிதற்றலிலும் கையை விரித்து “கொண்டா, கொண்டா” என்றான். ஐந்தாம் நாள் போய்விட்டான். தூக்க ஒருவரும் வரவில்லை. கொட்டாயோடு கொளுத்தச் சொல்லித் தூரத்தில் நின்று கத்தினார்கள். அவளே கொளுத்தினாள்.

மறுநாள் உச்சிவேளை. புளியமரத்தடியில் அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள். காலியான ஊரிலிருந்து பெக்கு ஓடிவந்தது. வாயில் துணி எலி. வேலியிலிருந்து எப்படியோ இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது. அவள் உள்ளங்கையில், பல் படாமல், வைத்தது.

அது துணிதான் என்று அவள் கண்ணுக்குத் தெரிந்தது. கைக்குத் தெரியவில்லை. கை பூனையின் கழுத்தைப் பிடித்துவிட்டது.

“கீறுடி. கீறிட்டு ஓடுடி,” என்று அழுதாள். நிஜமாகத்தான் சொன்னாள், ஒரு நகம் பட்டிருந்தால் விட்டிருப்பாள். பெக்கு முன்னங்கால் இரண்டையும் அவள் மணிக்கட்டில் வைத்தது. நகத்தை மடக்கித்தான் வைத்தது.

பொழுது சாயக் கூழ் வைக்க வந்த பெரியம்மாள் தூரத்திலேயே நின்றாள்; மடியில் கழுத்து தொங்கக் கிடந்த பூனையைப் பார்த்தாள்.

“ஐயோ, கீறிப்புடுச்சா?”

தீர்த்தம்மாள் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிக் காட்டினாள். ஒரு கோடுகூட இல்லை.