ஐந்தாவது ஸ்பீக்கர்

நான் கோயில் திருவிழாக்களுக்கு ஸ்பீக்கர் கட்டிய காலம் அது. என்னுடைய ஸ்பீக்கர் ஒவ்வொன்றும் பதினாறு ஓம் தடை. பக்கம்பக்கமாக இணைக்க இணைக்கத் தடை குறையும். இரண்டுக்கு எட்டு, நான்குக்கு நான்கு. அதற்குக் கீழே இறங்கினால் என் அம்பிளிபயர் தாங்காது, சூடேறி எரிந்துவிடும்.

வாய்க்கால் வெட்டிக் காணி பிரித்துக் கொடுத்த எங்கள் குடியேற்றத் திட்டத்துக் கோயிலில் நான்கையும் நான்கு திசை பார்க்கக் கட்டி முடித்தேன். கோயில் தலைவர் எங்கிருந்தோ ஐந்தாவது ஒன்றைச் சைக்கிளில் கொண்டுவந்தார்.

"என்ர வீட்டுப் பக்கம் ஒண்டு காணாது. இதையும் அங்க பாக்கக் கட்டும்."

"ஏலாது ஐயா. மெசின் எரிஞ்சிடும்."

"அப்ப வாய்க்கால் கடைசிப் பக்கம் கட்டினதைக் கழட்டும். அங்க ஆர் கேக்கப் போகினம்?"

அந்த வாய்க்கால் கடைசியில்தான் எங்கள் வயல், எங்கள் வீடு. தலைவரின் வீடும் வயலும் தண்ணீர் திறக்கும் மதகடியில். அந்த வயல் நிறைந்து வழிந்த பிறகுதான் எங்களுக்குத் தண்ணீர் வரும். சில போகங்களில் வராமலே போகும். அதையெல்லாம் வாயை மூடிக்கொண்டு பொறுத்தவன்தான் நான். ஆனால் அம்பிளிபயர் என்னுடையது.

"கழட்டமாட்டன். இன்னும் கதைச்சியளெண்டா நாலையும் ஏத்திக்கொண்டு போயிடுவன்."

அவர் தன் ஸ்பீக்கரைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார். நான் இசைத்தட்டை வைத்தேன். தடை ஒரேமாதிரி இருந்தால் நான்கு ஸ்பீக்கருக்கும் மின்சாரம் சமமாகத்தான் பிரியும். தண்ணீரைப் பிரித்துவிட்டவர்கள் தலைவரும் மதகடிக்காரரும். அன்றைக்குப் பாட்டைப் பிரித்துவிட்டவன் நான். மதகடிக்கும் கடைசிக்கும் ஒரே அளவு.