எல்.எல்.ஆர். முடிய மூன்று நாள்

இனி கார் ஓட்ட வேண்டாம் என்று கண் டாக்டர் என்னிடம் சொன்னபோது அந்த அறையில் வருத்தப்பட்டவர் அவர் ஒருவர்தான். இந்த உத்தரவுக்கு மேல்முறையீடு உண்டா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். என் மனைவி கைப்பையை மூடிவிட்டு, "அப்ப நான் ஓட்டறேன்" என்றாள்.

அவளுக்கு அறுபத்தொரு வயது. பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். கார் கற்றுக்கொள்வதை அதற்கு முன் மூன்று முறை தள்ளிப்போட்டிருந்தாள். முதல் முறை பிரசவம். இரண்டாம் முறை மாமனாருக்குப் பக்கவாதம். மூன்றாம் முறைக்குக் காரணம் நான். "நான்தான் இருக்கேனே, உனக்கு எதுக்கு?" என்று கேட்டிருந்தேன். கேட்டதே எனக்கு நினைவில்லை. அவளுக்கு, அன்று நான் போட்டிருந்த சட்டை உட்பட, நினைவிருந்தது.

எல்.எல்.ஆர். என்கிற பழகுநர் உரிமம் வாங்கினாள். அது ஆறு மாதம் செல்லும். பயிற்சிப் பள்ளியின் காரில் முதல் தேர்வுக்குப் போய்த் தோற்று வந்தாள். பயிற்சியாளருக்கும் தனியாக ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உள்ள வண்டி அது. "வண்டி என் கால்ல போறதா அவர் கால்ல போறதான்னே தெரியல" என்றாள். அடுத்த தேர்வை நம்முடைய காரில்தான் எழுதுவேன் என்று தீர்மானித்தாள். எழுதுவேன் என்றுதான் சொன்னாள், ஆசிரியை. நடுவில் மழை வந்து ஒரு தேதி ரத்தானது. கடைசியாகக் கிடைத்தது ஒரு வெள்ளிக்கிழமை, பதினொரு மணி. சுத்தமான ராகு காலம். அன்றோடு எல்.எல்.ஆரும் முடிகிறது.

"இதுவும் போச்சுன்னா விட்டுடுவேன்" என்றாள், துணி மடித்துக்கொண்டே. "திரும்ப முதல்லேர்ந்து கம்ப்யூட்டர் பரீட்சை, போட்டோ, கியூ. என்னால ஆகாது." அவள் பேச்சுக்காகச் சொல்கிறவள் இல்லை.

நான் சும்மா இருக்கவில்லை. அரசுத் துறை ஒன்றில் நடைமுறைப் பிரிவில் வேலை பார்த்தவன். எந்தக் கோப்பு எந்த மேஜையிலிருந்து எந்த மேஜைக்கு எப்படிப் போக வேண்டும் என்று எழுதுவது என் வேலை. அதைப் படிப்பது யாருடைய வேலை என்று கடைசிவரை தெரியவில்லை. ஆர்.சி., இன்ஷூரன்ஸ், புகைச் சான்று, அசல், இரண்டு நகல் எல்லாவற்றையும் வரிசைப்படி ஃபைலில் போட்டுவைத்தேன். காகிதங்களைப் பொறுத்தவரை அவள் தேறிவிட்டாள்.

புதன்கிழமை காலை பட்டினப்பாக்கம் கடற்கரைப் பக்கம் பழகப் போனோம். பக்கத்தில் நான். லைசென்ஸ் உள்ளவர் ஒருவர் உடன் இருக்க வேண்டும் என்பது விதி. அவருக்குக் கண் தெரிய வேண்டும் என்று விதியில் இல்லை. நன்றாகத்தான் ஓட்டினாள். திரும்பி வரும்போது மந்தைவெளி சிக்னல் அருகே எஞ்சின் விளக்கு மஞ்சளாக எரிந்தது. வண்டிக்கு மூச்சு அடங்கியது. ஆக்சிலரேட்டரை மிதித்தாலும் வேகம் ஏறவில்லை. சிக்னலில் நின்றேபோனது.

"நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?" என்றாள். பின்னால் ஒரு பேருந்து தன் அபிப்பிராயத்தை ஹாரனில் சொல்லிக்கொண்டிருந்தது.

மூன்றாம் முறை சாவி திருகியதில் கிளம்பியது. மாட்டுவண்டி வேகத்தில் வீடு சேர்ந்தோம்.

தெருமுனையில் ஷெட் போட்டிருக்கும் மெக்கானிக் வந்து பார்த்தார். ஐம்பது வயதிருக்கும், எங்கள் வண்டியை வாங்கிய நாளிலிருந்து தெரிந்தவர். தன் கருவியைச் செருகி, திரையில் வந்த கோளாறு எண்ணைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"டீசல் பிரஷர் சென்சாரு சார். அவுட்டு. வேற போட்டாதான் வேலைக்கு ஆவும்."

"எப்ப கிடைக்கும்?"

"புதுப்பேட்டைல கீதான்னு கேக்கறேன். பழசு வாணாம் சார், அது ஒரு நாள் ஓடும், ஒரு நாள் காலை வாரும். புதுசுன்னா ஆர்டர் போடணும். பத்து நாள் ஆவும்."

"வெள்ளிக்கிழமை எனக்கு டெஸ்ட்டு" என்றாள் என் மனைவி.

அவர் என்னைப் பார்த்தார். "இன்னா சார், நீ சொல்லவேயில்ல? அம்மா, நம்ம மச்சான் வண்டி ஒண்ணு கீது, எட்த்துனு போறியா?"

"கிளட்ச் எப்படி?"

"அது கொஞ்சம் மேலதான் புடிக்கும்."

"வேண்டாம்ப்பா" என்றாள். மாடிக்குப் போய்விட்டாள்.

கோளாறு எண்ணை நான் குறித்துக்கொண்டேன். அன்று மதியம் முழுவதும் படித்தேன். டீசல் எஞ்சினில் எரிபொருளை மிக அதிக அழுத்தத்தில் ஓர் இரும்புக் குழாயில் தேக்கிவைக்கிறார்கள். அந்த அழுத்தம் எவ்வளவு என்று அளந்து வண்டியின் கணினிக்குச் சொல்வதுதான் இந்தச் சென்சார். அதற்கு மூன்று ஒயர். ஒன்றில் ஐந்து வோல்ட் உள்ளே போகிறது. ஒன்று எர்த். மூன்றாவது ஒயர் அளவைத் திருப்பிச் சொல்கிறது. எங்களுக்கு வந்த எண், சென்சார் கெட்டது என்று சொல்லவேயில்லை. அந்த மூன்றாவது ஒயரில் வரும் மின்னழுத்தம் நம்ப முடியாத அளவு அதிகம் என்று மட்டுமே சொன்னது. புகார் வந்தவுடன் கையில் அகப்பட்டவரைச் சஸ்பெண்ட் செய்வது அரசு வழக்கம். மெக்கானிக்கும் அதையே பின்பற்றியிருந்தார்.

வியாழக்கிழமை காலை மல்டிமீட்டரோடு கீழே இறங்கினேன். எங்கள் குடியிருப்பில் கார் நிறுத்துமிடத்தில் பழுதுவேலை செய்யக் கூடாது என்று ஒரு விதி உண்டு. அதை எழுதியவன் நான். சங்கச் செயலாளர் நடைப்பயிற்சி முடிந்து உள்ளே வந்தபோது பானெட்டைத் தூக்கிய நிலையில் பிடிபட்டேன்.

"சார், விதி எண் பதினொண்ணு..."

"பன்னிரண்டு" என்றேன். "அவசர நிலைகள் நீங்கலாக என்று உட்பிரிவும் இருக்கு. எலி ஒயரைக் கடிச்சிருக்கும்."

அப்படி ஓர் உட்பிரிவு இல்லை. அவர் விதிகளைப் படித்ததில்லை. போய்விட்டார்.

எஞ்சின் இரவு முழுக்க அணைந்திருந்தது. எரிபொருள் போகும் குழாயின் நட்டு எதையும் தொடுவதில்லை என்று முடிவு. அங்குள்ள அழுத்தம் தோலைத் துளைத்து உள்ளே போகும். சென்சாரின் கறுப்புப் பிளக்கை மட்டும் கழற்றினேன். மிகச் சுலபமாக வந்தது. அந்தச் சுலபத்தைப் பற்றி நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும். சாவியை எஞ்சின் கிளம்பாத நிலையில் வைத்து, ஒயர் பக்கத்துப் பிளக்கில் மீட்டரின் ஊசிகளை வைத்தேன். ஐந்து வோல்ட், சரி. எர்த், சரி. மூன்றாவது ஒயரும் கணினிவரை அறுந்துபோகவில்லை. இரண்டு தரம் அளந்தேன். நடைமுறைப்படி ஒயர்களில் குற்றமில்லை. ஆகவே குற்றவாளி சென்சார். மெக்கானிக் ஐந்து நிமிஷத்தில் சொன்னதை நான் ஒன்றரை மணி நேரத்தில், முறைப்படி, கண்டுபிடித்திருந்தேன்.

பிளக்கைத் திரும்ப மாட்டினேன். என் மனைவி காபி டம்ளரோடு இறங்கி வந்தாள்.

"என்ன ஆச்சு?"

"சென்சார்தான்."

"பத்து நாளா?"

"பத்து நாள்."

டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு டிரைவர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். சும்மா உட்கார்ந்தாள். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ளக்கூட இல்லை. என்னால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை. ஏதாவது வேலை கொடுக்க வேண்டுமே என்று, ஒரு சின்ன அடாப்டர் வழியாக வண்டியோடு இணைத்திருந்த என் போனை அவளிடம் நீட்டினேன். சென்சார் சொல்லும் அழுத்தம் அதில் எண்ணாகத் தெரியும்.

"அதுல என்ன காட்றது, வாசி."

"ஆயிரத்து எண்ணூறு."

"எஞ்சினே ஓடலை. பூஜ்யம் காட்டணும்."

"அப்ப பொய் சொல்றது." டீச்சர் குரல் வந்துவிட்டது. எனக்கு அது நல்ல சகுனமாகப் பட்டது. பானெட் பக்கம் திரும்பிவந்து, காபியை எங்கே வைப்பது என்று தெரியாமல், டம்ளரை இடது கைக்கு மாற்றி வலது கையைக் குழாயருகே ஊன்றிக்கொண்டேன்.

"இருங்கோ. இப்ப என்ன பண்ணினேள்?"

"ஒண்ணும் பண்ணலையே."

"எண்ணூறு காட்டித்து. இப்ப மறுபடியும் ஆயிரத்து எண்ணூறு."

"நான் ஒண்ணையும் தொடலை."

"தொட்டேள். பரீட்சை ஹால்ல நாப்பது பேரைப் பாத்திருக்கேன், எனக்கு நீங்க சொல்ல வேண்டாம். தொட்டதை மறுபடி தொடுங்கோ."

தொட்டேன். முழங்கை அந்தக் கறுப்புப் பிளக்கில் இடித்தது.

"பூஜ்யம்!" என்று கத்தினாள். "பூஜ்யம் காட்டறது! எடுக்காதீங்கோ!" முதல் மாடி ஜன்னல் ஒன்று திறந்தது. பூஜ்யத்துக்கு யாரும் அவ்வளவு சந்தோஷப்பட்டு என் வாழ்நாளில் நான் பார்த்ததில்லை.

சென்சார் கெட்டிருந்தால் முழங்கை பட்டுத் திருந்தாது. பிளக்கில்தான் கோளாறு. மீட்டர் ஏன் எல்லாம் சரி என்றது என்பது அப்போதுதான் உறைத்தது. அதன் ஊசி கூர்மையானது. மேலே அழுக்கு படிந்திருந்தாலும் கீறிக்கொண்டு உலோகத்தைத் தொட்டுவிடும். பிளக் அப்படிக் கீறாது. மென்மையாகப் போய் அழுக்கின்மேல் உட்காரும்.

பாட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டுப் பிளக்கை வெளியே இழுத்தேன். நல்ல கண்ணுக்கு நேராகப் பிடித்து, அவள் டார்ச் அடிக்க, பூதக்கண்ணாடியில் பார்த்தேன். எர்த் பின்னில் பச்சையாகக் களிம்பு. உள்ளே ஈரத்தின் சுவடு. மழைத் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஆனால் புகக் கூடாது. பிளக்கைச் சுற்றி ரப்பர் இருக்கிறது, அது அழுந்தி உட்கார ஒரு பிளாஸ்டிக் நாக்கும் இருக்கிறது. 'டக்' என்று பூட்டிக்கொள்ளும்.

நாக்கின் அடியில் ஏதோ இறுகி அடைத்துக்கொண்டிருந்தது. வெளிறிய மஞ்சள். நடுவில் சிவப்பு.

இருவரும் ஒரே நேரத்தில் புரிந்துகொண்டோம். அவள்தான் முதலில் பேசினாள்.

"இது உங்க கைவேலைதான்!"

ஆயுத பூஜையன்று காருக்குப் பொட்டு வைக்கும் பொறுப்பு என்னுடையது. மற்றவர்கள் பானெட்டில் ஒன்று, ஸ்டியரிங்கில் ஒன்று வைத்து எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டுச் சுண்டலுக்குப் போய்விடுவார்கள். நான் பானெட்டைத் திறந்து உள்ளே இருக்கும் ஒவ்வொரு உறுப்புக்கும் தனித்தனியாக வைப்பவன். பாட்டரி, ரேடியேட்டர், ஹாரன், ஃபியூஸ் பெட்டி. எதுவும் விடுபடக் கூடாது. அந்த வருஷம் கண் மங்கலில் குழாய்மேல் புதிதாக ஒரு கறுப்பு முடிச்சு தென்பட, இத்தனை வருஷம் இதை விட்டுவிட்டோமே என்று கழற்றித் துடைத்துத் தாராளமாகச் சந்தனம் குழைத்து அப்பி, குங்குமம் வைத்து, திரும்ப மாட்டியிருக்கிறேன். 'டக்' சத்தம் வந்ததா என்று கேட்கவில்லை. பக்கத்தில் மணி அடித்துக்கொண்டிருந்தது.

"எலி கடிச்சிருக்கும்னு காலைல செயலாளரண்டை சொன்னது மாடிவரைக்கும் கேட்டுது" என்றாள். "எலி இவ்வளவு பக்தியா இருக்குமா?"

ஆயுத பூஜைக்குப் பிறகு இந்த அறுபது நாளும் அவள் ஓட்டப் பழகிய ஒவ்வொரு காலையும் அந்தப் பின்னில் ஈரம் ஏறிக்கொண்டிருந்திருக்கிறது. அவள் லைசென்ஸுக்கு நான்காவது தடையையும் நானே, மனப்பூர்வமாக, பொட்டு வைத்து அனுப்பியிருக்கிறேன். "தப்பு என்னுதுதான்" என்றேன். முப்பத்தாறு வருஷக் குடித்தனத்தில் அந்த வாக்கியத்தை உட்பிரிவு இல்லாமல் சொன்னது அதுவே முதல் தடவை.

"சரி, சரி. பிரஷ் எடுத்துண்டு வரேன்" என்றாள்.

மெக்கானிக்குக்குப் போன் செய்தேன். விஷயத்தைக் கேட்டு ஒரு நிமிஷம் சிரித்தார். "சந்தனமா? நைனா, நானும் தெனம் சாமி கும்புட்றவன்தான். ஆனா பிளக்குக்குள்ள வெக்க மாட்டேன்." சிரிப்பு அடங்கியதும் தானே வந்து பின்களைக் கழுவும் ஸ்ப்ரே கொடுத்தார். "நானும் ஆட்டிப் பாத்துருக்கணும் சார்" என்றார் போகும்போது. அந்தக் கண்ணியத்துக்கு முன்னால் நான் ஏற்கனவே குனிந்துதான் நின்றிருந்தேன்.

மிருதுவான பல் பிரஷால் களிம்பைத் தேய்த்தது அவள். கண் சரியாக உள்ளவர் செய்யட்டும் என்று நான் ஒதுங்கிக்கொண்டேன். நாக்கின் அடியிலிருந்த சந்தனத்தை ஈர்க்குச்சியால் சுரண்டினாள். ஸ்ப்ரே அடித்தோம், காயவிட்டோம், தளர்ந்திருந்த பின்னின் பிடியை ஊசியால் ஒரு மயிரிழை இறுக்கினோம். மாட்டினாள். 'டக்.' இருவரும் கேட்டோம். பாட்டரியை இணைத்தேன். வண்டியின் கணினியில் பதிவாகியிருந்த கோளாறு எண்ணைப் போன் வழியாக அழித்தேன். எஞ்சின் ஓடாதபோது பூஜ்யம். கிளப்பியதும் எண் முன்னூறை ஒட்டி நிதானமாக நின்றது. பிளக்கை ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை. சாயங்காலம் கச்சேரி சாலை நெரிசலில் ஒரு மணி நேரம் ஓட்டினாள். மஞ்சள் விளக்கு எரியவில்லை.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குத் தேர்வு மைதானத்தில் கம்பி வேலிக்கு வெளியே என்னை நிறுத்திவிட்டார்கள். விதி. ஆய்வாளர் இடது பக்கம் ஏறினார். ஃபைலைக் கேட்கவேயில்லை. அசலைக் காட்டினாள், தலையை ஆட்டினார், அவ்வளவுதான். இரண்டு நகலும் என் கையிலேயே இருந்தன. வண்டி நகர்ந்தது. மைதானத்தின் கோடிவரை எனக்குக் கண் போகாது. வெள்ளையாக ஏதோ பின்னோக்கி நகர்ந்து, வளைந்து, நின்றது. கம்பங்களுக்கு நடுவில் நின்றதா, ஒன்றைச் சாய்த்துவிட்டதா, தெரியவில்லை. எஞ்சின் சத்தம் மட்டும் சீராகக் கேட்டது. பிறகு ஏற்றம். அங்கே நின்று கிளம்ப வேண்டும். சத்தம் தாழ்ந்தது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். சத்தம் மெல்ல எழுந்து மேலே போயிற்று.

பக்கத்தில் நின்றிருந்த ஒருவரிடம், "கம்பம் ஏதாவது விழுந்துதா?" என்று கேட்டேன்.

"எந்த வண்டி? அந்த அம்மாவா? ஒண்ணும் விழல சார். சூப்பரா ஏத்துனாங்க."

வண்டி சுற்றிக்கொண்டு வாயிலருகே வந்தது. ஆய்வாளர் இறங்கி, காகிதத்தில் ஏதோ கிறுக்கிவிட்டு, "ரிவர்ஸ்ல இவ்ளோ பயம் வேணாம்மா. பாஸ்" என்று சொல்லி அடுத்தவரைக் கூப்பிட்டார்.

அவள் கண்ணாடியை இறக்கினாள். முகம் சிவந்திருந்தது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அந்தத் தூரத்திலிருந்து எனக்குத் தெரியவில்லை. கிட்டே போனேன். இரண்டும்தான்.

"ஏறுங்கோ" என்றாள். "பின்னால வண்டி நிக்கறது."